அமெரிக்கக் கலை வரலாற்றை இந்தியாவில் இருந்துகொண்டே ஆய்வு செய்ய முடியுமா? எங்கே தொடங்குவது?

தாராளமாக முடியும். ஆனால் "அமெரிக்க ஓவியத்தின் தாக்கம்" என்று மட்டும் தலைப்பு வைக்காதீர்கள். அங்கே கொடுத்தார்கள், இங்கே வாங்கிக்கொண்டார்கள் என்ற முடிவை அந்தச் சொல்லே எழுதிவிடும். கடல் கடந்து வந்த ஒரே ஒரு கண்காட்சியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் பரிந்துரைப்பது, நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் (மோமா) அனுப்பிய 'அமெரிக்க ஓவியத்தின் இரண்டு பத்தாண்டுகள்' என்ற கண்காட்சி. 1966இல் டோக்கியோ, கியோட்டோ; 1967இல் டெல்லி, மெல்போர்ன், சிட்னி. பொல்லாக், ராத்கோ, வார்ஹோல் போன்ற அமெரிக்க ஓவியர்களின் படங்கள் அதில் இருந்தன. டெல்லியில் லலித் கலா அகாடமியில் நடந்தது. அமெரிக்கக் கலை விமர்சகர் கிளெமென்ட் கிரீன்பெர்க்கும் வந்தார். அதே கண்காட்சியை ஒவ்வொரு ஊரும் எப்படிப் பார்த்தது என்பதே உங்கள் கேள்வி.

முதலில் கேட்லாக். அது கண்காட்சிக்கு முன்பே அச்சாவதால், அதில் உள்ள படமெல்லாம் சுவரில் தொங்கியதாக நம்பக் கூடாது. அரங்கப் புகைப்படங்களோடு ஒப்பிடுங்கள். அடுத்து உள்ளூர்ப் பத்திரிகைகள். டெல்லி தீன்மூர்த்தி நூலகத்தில் பழைய நாளிதழ்கள் மைக்ரோஃபிலிமில் உண்டு. திறப்புக்கு இரண்டு வாரம் முன்னிருந்து, முடிந்து ஒரு மாதம் வரை புரட்டுங்கள். கலை விமர்சனம் தாமதமாகத்தான் வரும். ஆங்கிலத்தோடு நிற்காமல் இந்தி இதழ்களையும் பாருங்கள்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: "இந்திய ஓவியர்கள் இதையெல்லாம் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள்" என்று எழுதுவது. இந்திய ஓவியர் கெய்தொண்டே 1964இலேயே ராக்கஃபெல்லர் உதவித்தொகையில் நியூயார்க் போனவர். பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கா தன் செல்வாக்கைப் பரப்பவே ஓவியங்களை அனுப்பியது என்ற விளக்கமும் அப்படித்தான். அனுப்பியவரின் நோக்கத்தை அது சொல்லும். பார்த்தவர் கண்ணில் பட்டதைச் சொல்லாது.

'அமெரிக்கர்' யார் என்பதையும் கேளுங்கள். ஜப்பானின் ஒகாயாமாவில் பிறந்த ஓவியர் யசுவோ குனியோஷி 1906இல் அமெரிக்கா போனார். 1948இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் அவருடைய வாழ்நாள் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தது. நாடுகள் தனித்தனி அரங்கு வைக்கும் வெனிஸ் பியன்னாலே கலைக் கண்காட்சியில், 1952இல் அமெரிக்க அரங்கில் அவர் படங்கள் இருந்தன. குடியுரிமை கிடைக்காமலே 1953இல் இறந்தார். எந்த வரையறையும் இவரிடம் வந்தால் தடுமாறும்.

ஓவியர்களின் கடிதங்களுக்கு ஸ்மித்சோனியனின் அமெரிக்கக் கலை ஆவணக்காப்பகம். ஏராளமானவற்றை ஸ்கேன் செய்து இலவசமாகத் தந்திருக்கிறார்கள். பெட்டி எண், கோப்பு எண் இரண்டையும் அன்றே குறித்துவையுங்கள். பிறகு தேடினால் நாள் கணக்கில் போய்விடும். பொல்லாக், ராத்கோ படங்களுக்கு அமெரிக்காவில் காப்புரிமை இன்னும் உண்டு, அச்சிடும் அனுமதிக்கு முன்கூட்டியே எழுதுங்கள்.