கேள்வித்தாள் மட்டும் கொடுக்கப்பட்டவன்

கேள்வி: 1980-களில் ஐ.பி.எம். கம்ப்யூட்டரைக் காப்பி அடித்தே பிழைத்தது ஃபீனிக்ஸ் டெக்னாலஜீஸ் என்று படித்தேன். அந்தக் கம்பெனியின் கதையைச் சொல்லுங்களேன். இன்னும் இருக்கிறதா?
(வாசகர் ஒருவர், தஞ்சாவூர்)

பதில்: கதை இருக்கட்டும். "காப்பி அடித்தே பிழைத்தது" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, முதலில் அந்தப் பழியை இறக்கிவைக்க வேண்டும்.

காப்பி அடித்தவர்களைக் காட்டுகிறேன், பாருங்கள். அமெரிக்காவில் ஃபிராங்க்ளின் என்றொரு கம்பெனி, ஆப்பிள் 2 போலவே ஓர் இயந்திரத்தை 1982-இல் விற்க ஆரம்பித்தது. ஆப்பிள் வழக்குப் போட்டது. ஃபிராங்க்ளினின் நிரலைத் திறந்து பார்த்தால், ஆப்பிளில் வேலை பார்த்த ஹஸ்டன் என்பவரின் பெயர் உள்ளேயே கிடந்தது. 'ஆப்பிள்சாஃப்ட்' என்ற சொல்லும் கூடவே இருந்தது. எடுத்ததை ஃபிராங்க்ளினும் மறுக்கவில்லை. சில்லுக்குள் பதித்த நிரலுக்கும் பதிப்புரிமை உண்டு என்று 1983-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சரியான தீர்ப்பு. அதற்குப் பெயர்தான் காப்பி.

ஃபீனிக்ஸ் செய்தது வேறு. நீல் கால்வின் 1979-இல் தொடங்கிய மென்பொருள் கம்பெனி அது. மாசசூசெட்ஸில் நார்வுட் என்ற ஊர். 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். பி.சி. வந்தது. அவசரமாகச் செய்த இயந்திரம் என்பதால் பெரும்பாலும் வெளியில் வாங்கிய சரக்கு: செயலி இன்டெலுடையது, இயங்குதளம் மைக்ரோசாஃப்ட் கொடுத்தது. ஐ.பி.எம்.முக்கே உரியது என்று சொல்ல இருந்தது பயாஸ். சுவிட்சைப் போட்டதும் நினைவகத்தைச் சோதித்து, விசைப்பலகை, திரை, வட்டு எல்லாவற்றையும் எழுப்பிவிடும் நிரல். வெறும் 8 கிலோபைட். அந்தப் பொடியளவு நிரலில்தான் முழுச் சந்தைக்கும் பூட்டு இருந்தது.

அந்த நிரலை ஐ.பி.எம். ஒளித்துவைக்கவில்லை. ஒவ்வொரு வரியையும் விளக்கக் குறிப்புகளோடு தொழில்நுட்பக் கையேட்டில் அச்சிட்டு, காசு கொடுத்தவருக்கெல்லாம் விற்றது. தாராள மனசு என்று தோன்றும். ஆனால் அதை ஒருமுறை படித்தவன் பிறகு தன் சொந்தக் கையால் எழுதினாலும், "நீ பார்த்துத்தானே எழுதினாய்?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. கையேடு கையில் பட்டாலே தீட்டு.

அதே வேலையைச் செய்யும் பயாஸைத் தானே எழுத, ஃபீனிக்ஸ் தன் ஆட்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு குழு ஐ.பி.எம். கையேட்டைப் படித்து, பயாஸ் என்ன செய்கிறது என்பதை மட்டும் எழுதியது: இந்த எண்ணில் கூப்பிட்டால் வட்டைப் படிக்க வேண்டும், இந்த இடத்தில் விடையை வைக்க வேண்டும், பிழை வந்தால் இப்படிச் சொல்ல வேண்டும். எப்படிச் செய்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. அந்தத் தாளை வைத்து நிரலை எழுத ஒருவரைத் தனியே அமர்த்தினார்கள். அவர் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சில்லில் பழகியவர். ஐ.பி.எம். பி.சி.யில் இருந்த இன்டெல் 8088 செயலியில் வேலை செய்ததே இல்லை. ஐ.பி.எம். நிரல் அவர் கண்ணில் பட்டிருக்கவே வாய்ப்பில்லை என்பதுதான் அவரிடம் தேடிய தகுதி! இரு தரப்புக்கும் இடையே போனது வந்தது எல்லாம் எழுத்தில் பதிவானது, நாளைக்கு நீதிமன்றம் கேட்டால் எடுத்துக் காட்டுவதற்காக. கேள்வித்தாளை மட்டும் கொடுத்துத் தனி அறையில் உட்காரவைக்கப்பட்டு, முழு மதிப்பெண் வாங்கியவனைப் பார்த்து நீங்கள் காப்பி அடித்தான் என்கிறீர்கள்.

வேலையும் லேசுப்பட்டதல்ல. அந்தக் காலத்து நிரல்கள் சில முறைப்படி கூப்பிடாமல், பயாஸுக்குள் குறிப்பிட்ட முகவரிக்கே நேராகத் தாவும். ஆகவே ஃபீனிக்ஸ் நிரலிலும் அதே முகவரியில் அதே வாசல் இருக்க வேண்டும். உள்ளே இருப்பதோ முழுக்க வேறு கைச்சரக்கு. லோட்டஸ் 1-2-3 என்ற கணக்கு நிரல் ஓடுகிறதா, ஃபிளைட் சிமுலேட்டர் என்ற விமான விளையாட்டு ஓடுகிறதா என்று பார்த்துத்தான் வாங்குகிறவர்கள் நம்பினார்கள். 1984 மே மாதம் பயாஸ் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு ஐ.பி.எம். பி.சி. போலவே கம்ப்யூட்டர் செய்த ஈகிள், கரோனா கம்பெனிகள் மீது பயாஸை எடுத்தாண்டதாக ஐ.பி.எம். பாய்ந்தது, இரண்டும் பணிந்தன. ஃபீனிக்ஸைத் தொட முடியவில்லை.

காம்பேக் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியும் முன்பே இதே வழியில் சொந்த பயாஸ் எழுதியிருந்தது. ஆனால் தனக்காக மட்டும். ஃபீனிக்ஸ் கேட்டவருக்கெல்லாம் விற்றது. தைவானில் சிறு பட்டறை வைத்திருந்தவனும் பி.சி. செய்யலாம் என்றானது. விலை இறங்கியது. நம் ஊர் மேசைகளுக்கு கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது அந்த வழியில்தான்.

இதை இவ்வளவு சூடாக எழுதக் காரணம் உண்டு. 1990-களில் தமிழ் எழுத்துரு விற்றவர்களோடு இதே பக்கத்தில் நான் போட்ட சண்டை பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். கம்ப்யூட்டருக்கு ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண்தான். ஒவ்வொருவரும் 'அ'வை ஒவ்வோர் எண்ணில் வைத்தார்கள். ஒருவர் எழுத்துருவில் அடித்த கட்டுரை இன்னொருவர் கம்ப்யூட்டரில் குப்பையாகத் தெரியும். எண் வரிசையைக் கேட்டால், "அது எங்கள் தொழில் ரகசியம்" என்றார்கள். எழுத்தின் வடிவம் உங்கள் உழைப்பு, அதற்குக் காசு வாங்குங்கள். 'அ'வுக்கு எந்த எண் என்பது எப்படி உங்கள் சொத்தாகும் என்று கேட்டேன். இன்றும் கேட்கிறேன். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் பொதுத் தரம் வகுத்தார்கள்; பிறகு எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொது எண் தரும் யூனிகோடு பரவி நம்மைக் காப்பாற்றியது. ஆனால் அதற்கு முந்தைய எங்கள் இதழ்கள் பல இன்னும் அந்தச் செத்துப்போன எழுத்துருக்களுக்குள் மாட்டிக்கிடக்கின்றன. ஒரு கம்பெனி கடையைக் கட்டியதற்கு எங்கள் எழுத்தாளர்கள் ஏன் தண்டம் கட்ட வேண்டும்?

ஐ.பி.எம்.மும் மறுபடி பூட்டிப் பார்த்தது. 1987-இல் பி.எஸ்/2 கம்ப்யூட்டரில் கூடுதல் அட்டைகளைச் செருக மைக்ரோ சேனல் என்ற புது அமைப்பைக் கொண்டுவந்து உரிமத்தொகை கேட்டது. ஒன்பது போட்டிக் கம்பெனிகள் சேர்ந்து அடுத்த ஆண்டே மாற்று அமைப்பை அறிவித்தன. கடைசியில் பி.சி. தொழிலையே ஐ.பி.எம். லெனோவோவிடம் 2005-இல் கைமாற்றிவிட்டது.

ஃபீனிக்ஸ் இன்னும் இருக்கிறது. 1998-இல் அவார்டு என்ற போட்டியாளரை விழுங்கியது. 2010-இல் ஒரு முதலீட்டு நிறுவனம் அதை வாங்கியது. பயாஸ் இருந்த இடத்தில் இப்போது யு.இ.எஃப்.ஐ. என்ற புதிய வகைத் தொடக்க நிரல் வந்துவிட்டது, அதையும் எழுதுகிறார்கள். அவர்களுடைய பெரிய போட்டியாளர் சுப்பிரமணியன் சங்கரும் பாட் சர்மாவும் 1985-இல் அமெரிக்காவில் தொடங்கிய அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ். அதற்குச் சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது.