காபித்தூள் கடையில் தலைபாரமும் இளைப்பும்: முகக்கவசம் போதுமா?

கேள்வி: நான்கு வருடமாகக் காபித்தூள் கடையில் கொட்டை வறுப்பதும் அரைப்பதும் என் வேலை. மத்தியானத்துக்கு மேல் தலை கனக்கிறது. ஆறு மாதமாக வறட்டு இருமல், மாடி ஏறினால் இளைப்பு. முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறேன். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்கிறார்கள். இது வேலையால் வந்ததா?

பதில்: வேலையால் வந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆனால் தலைபாரத்துக்கும் இளைப்புக்கும் காரணம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

முதலில் தலைபாரம். வறுபட்ட கொட்டைக்குள் கார்பன் மோனாக்சைடு அடைபட்டிருக்கும். அரைக்கும்போது அதில் நிறைய ஒரே மூச்சில் வெளியே வரும். அரைக்காத கொட்டையும் நாட்கணக்கில் அதை விட்டுக்கொண்டே இருக்கும். நிறமோ மணமோ கிடையாது. கடைகளில் வழக்கமாகப் போடும் எந்த முகக்கவசமும், வடிகட்டிக் குப்பி மாட்டியது உட்பட, இதைத் தடுக்காது. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை நம்ப வேண்டாம். இந்த வாயு ஏறிய ரத்தத்துக்கும் அது 98 என்றே காட்டக்கூடும். எண் காட்டும் கார்பன் மோனாக்சைடு மீட்டர் ஒன்றை அரவை இயந்திரத்தின் பக்கத்தில், உங்கள் மூக்கு உயரத்தில் வையுங்கள். வீட்டு அலாரம் உதவாது: காற்றில் 70 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 70 பங்கு) இருந்தாலும் அது கத்த ஒரு மணி நேரமாவது ஆகும். அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நயோஷ் வேலை நேர சராசரிக்கு 35 பி.பி.எம்., எந்த நொடியிலும் தாண்டக்கூடாதது 200 என்று வரம்பு வைத்திருக்கிறது.

இளைப்புக்கு இரண்டு பேர் மேல் சந்தேகம். ஒன்று பச்சைக் கொட்டையின் தூசி. சாக்கைப் பிரித்து உதறிக் கொட்டும்போது பறக்கும் இந்தத் தூசி ஆஸ்துமாவைக் கிளப்பும். முன்பு ஆமணக்கு ஏற்றிய சணல் சாக்கென்றால் இன்னும் மோசம். இதற்கு என்95 முகக்கவசம் முகத்தில் இறுக்கமாக உட்கார்ந்தால் பலன் உண்டு. துணிக் கவசம் பேருக்குத்தான்.

மற்றது டையசிட்டைல் என்ற, வெண்ணெய் மணமுள்ள ரசாயன ஆவி. "நாங்கள் எசன்ஸ் எதுவும் சேர்ப்பதில்லையே" என்பார்கள். சேர்க்கவே வேண்டாம், வறுக்கும்போது தானாக உண்டாகி, அரைக்கும்போது அதிகம் வெளிவருகிறது. நயோஷ் 2016-இல் இதற்கு வைத்த எட்டு மணி நேர வரம்பு வெறும் 5 பி.பி.பி., அதாவது நூறு கோடியில் ஐந்து பங்கு. டெக்சாஸில் வாசனை சேர்த்த காபி தயாரிக்கும் ஆலை ஒன்றில் இரண்டு தொழிலாளர்களுக்கு மூச்சுச் சிறுகுழாய்கள் தழும்பேறி அடைத்துக்கொண்டது 2013-இல் பதிவானது. அப்படி அடைத்த குழாய் திரும்பத் திறக்காது. என்95 இந்த ஆவியையும் விட்டுவிடும்.

எது என்று பிரிக்க உங்கள் லீவு நாளே நல்ல சோதனை. நான்கு நாள் ஊருக்குப் போனால் இளைப்பு குறைந்து, வேலைக்கு வந்ததும் கூடுகிறதா? ஆஸ்துமா பக்கம் சாய்கிறது. லீவிலும் இன்ஹேலரிலும் அசையவில்லை என்றால் டையசிட்டைலால் வரும் அடைப்பை நினைத்தே ஆக வேண்டும். மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்று வாங்கி, வேலை நாளும் லீவும் சேர்த்து மூன்று வாரம், தினம் நான்கு வேளை ஊதி எழுதி வையுங்கள்.

எக்ஸ்ரே சரியாக இருப்பது ஆறுதல் அல்ல. இரண்டு நோயிலும் அது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துக்கு முன்னும் பின்னும் ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதி நுரையீரல் திறனை அளக்கும் சோதனை) எடுங்கள். அதில் குறை தெரிந்தால் மூச்சை உள்ளிழுத்து ஒன்று, வெளிவிட்டு ஒன்று என நுரையீரல் சி.டி. கேட்கலாம். வெளிவிட்ட படத்தில்தான் அடைபட்ட காற்று தெரியும்.

கடையில் மாற்ற வேண்டியது காற்றோட்டம். பெடஸ்டல் ஃபேன் தூசியையும் ஆவியையும் அறை முழுக்கப் பரப்பும், அவ்வளவுதான். அரவை வாய்க்கு மேல் கூண்டு வைத்து, குழாய் வழியாகத் தெருவுக்கோ கூரைக்கோ இழுக்கும் எக்ஸாஸ்ட் வேண்டும். தூள் விழும் தொட்டிக்குள் தலையை நீட்டி வழித்தெடுப்பதை நிறுத்துங்கள். நீள்பிடிக் கரண்டி போதும். வறுத்த கொட்டை டின்கள் மூடியிருக்கட்டும். ஜன்னலில்லாத அறையில் அடுக்கவே கூடாது. பெருக்குமாறும் காற்றடிக்கும் பைப்பும் வேண்டாம், நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியுள்ள வேக்குவம் போதும்.

டாக்டரிடம் "கடையில் வேலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். கல்லாவில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வார். பச்சைக் கொட்டை சாக்கு, வறுவல், அரவை, ஒரு நாளைக்கு எத்தனை கிலோ, எத்தனை மணி நேரம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.