மாநாட்டில் நாற்காலி போடுபவர்கள்

அன்புள்ள ஐயா,

நான் சர்வதேச உறவுகள் துறையில் ஆய்வு மாணவி. சென்ற மாதம் முதன்முறையாக ஒரு பெரிய மாநாட்டில் கட்டுரை வாசித்தேன். நிகழ்ச்சி நூலின் முதல் பக்கங்களில் ஏற்பாட்டாளர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. அவர்களில் ஒருவரைக்கூட நான் மேடையில் பார்க்கவில்லை. எனக்குக் கடைசி நாள், காலை முதல் அமர்வு. கேட்க வந்தவர்கள் மூன்று பேர், அதில் ஒருவர் அறை மாறி வந்தவர். இந்த ஏற்பாட்டாளர்கள் எதை வைத்து முடிவெடுக்கிறார்கள்? எங்கள் துறை அடுத்த ஆண்டு நடத்தும் மாநாட்டின் குழுவில் சேரச் சொல்லி என் பேராசிரியர் கேட்கிறார். ஆய்வு நேரத்தை இதில் கரைக்கலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

மூன்று பேரா, பரவாயில்லை. எனக்கு ஒருமுறை இரண்டே பேர். இருவரும் அதே அமர்வில் கட்டுரை வாசிக்க வந்தவர்கள்.

உங்கள் கட்டுரையை யாரும் மட்டமாக நினைத்துக் கடைசி நாளில் தள்ளியிருக்க மாட்டார்கள். அட்டவணை போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சங்கடம் புரியும். மூத்த பேராசிரியர் ஒருவர் ஓர் அமர்வுக்குத் தலைவர், இன்னொன்றில் கருத்துரையாளர், மூன்றாவதில் வட்டமேசைப் பேச்சாளர். அவர் ஒரே நேரத்தில் இரண்டு அறைகளில் இருக்க முடியாது. அதனால் அவரைத் தொடும் அமர்வுகளையெல்லாம் முதலில் பொருத்துகிறார்கள். உங்களைப் போல ஒரே ஒரு வேலையோடு வருபவர்களை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம், நகர்த்துகிறார்கள். அப்புறம், அமர்வாகச் சேர்ந்து வராமல் தனியாக வந்த கட்டுரைகளை யாரோ ஒருவர் இரவில் உட்கார்ந்து நான்கு நான்காகக் கட்டி, எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரு தலைப்பு வைக்க வேண்டும். உங்கள் அமர்வின் தலைப்பில் ‘மறுபரிசீலனை’ என்ற சொல் இருந்ததா? இருந்திருந்தால் அப்படிக் கட்டியதுதான்.

இதைச் செய்பவர்களில் பெரும்பாலானோர் உங்களைப் போல, என்னைப் போல வகுப்பெடுப்பவர்கள், ஆய்வு செய்பவர்கள். இதற்குத் தனியாகச் சம்பளம் கிடையாது. பெரிய சங்கங்களில் மட்டும் முழுநேர அலுவலகம் உண்டு. 1959இல் அமெரிக்காவில் தொடங்கிய சர்வதேச ஆய்வுகள் சங்கத்தின் ஆண்டு மாநாட்டுக்கு ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். அங்கே அடுத்து தலைவராக வரப்போகிறவர் மையப்பொருளை முடிவு செய்கிறார், நிகழ்ச்சிக் குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுக்கிறார். மேற்கத்தியர் அல்லாத முதல் தலைவரான அமிதாவ் ஆச்சார்யாவின் காலத்தில், 2015 நியூ ஆர்லியன்ஸ் மாநாட்டின் மையப்பொருள் ‘உலகளாவிய சர்வதேச உறவுகளும் வட்டார உலகங்களும்’ என்றிருந்தது. துறையின் கதை ஐரோப்பாவில் மட்டும் நடக்கவில்லை என்ற பேச்சு ஓரத்து அறையிலிருந்து பெரிய அரங்குக்கு வந்ததில் அந்தத் தலைப்புக்கும் பங்குண்டு.

எதை வைத்து முடிவெடுக்கிறார்கள் என்று கேட்டீர்கள். அழைப்புப் பட்டியலைப் பாருங்கள், பாதி பதில் அதிலேயே இருக்கும். 1954 மே மாதம் வாஷிங்டனில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை ஒரு சிறிய கூட்டம் நடத்தியது. சர்வதேச அரசியலுக்குக் கோட்பாடு என்று ஒன்று சாத்தியமா என்பது கேள்வி. வந்தவர்கள் பன்னிரண்டு பேர் அளவில்தான்: அரசியல் அறிஞர் ஹான்ஸ் மார்கெந்தாவ், இறையியலாளர் ரைன்ஹோல்ட் நீபர், பத்திரிகையாளர் வால்டர் லிப்மன், முன்னாள் அரசு அதிகாரி பால் நிட்சே, இப்படி. பெண் என்று டோரதி ஃபாஸ்டிக் ஒருவர். இதை ஏற்பாடு செய்தவர் அறக்கட்டளையில் வேலை பார்த்த கென்னத் தாம்சன், மார்கெந்தாவின் மாணவர். நாடுகளின் அரசியல் அடிப்படையில் அதிகாரப் போட்டி என்ற தன் ஆசிரியரின் பார்வைக்கு நெருக்கமானவர்களையே பெரும்பாலும் கூப்பிட்டார் என்பதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. அதோடு நிற்கவில்லை. இங்கிலாந்திலும் இப்படி ஒரு குழு வேண்டும் என்று வரலாற்றாசிரியர் ஹெர்பர்ட் பட்டர்ஃபீல்டை அணுகினார். 1959இல் கூடத் தொடங்கிய அந்தக் குழுவிலிருந்துதான் பின்னால் ‘ஆங்கிலப் பள்ளி’ என்று அறியப்பட்ட சிந்தனை வளர்ந்தது, அரசுகளுக்கு இடையிலும் பொது விதிகள் கொண்ட ஒரு சமூகம் உண்டு என்பது. வேல்ஸின் அபரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் இத்துறையின் பேராசிரியராக இருந்த வரலாற்றாசிரியர் ஈ.எச். காரை அதற்குக் கூப்பிடவே இல்லை. அவர் உட்கார்ந்திருந்தால் அந்தப் பள்ளி வேறு மாதிரி பேசியிருக்கும் என்பது என் எண்ணம். பாடப்புத்தகத்தில் நாம் மார்கெந்தாவைப் படிக்கிறோம். கடிதம் எழுதி, ரயில் செலவுக்குக் கணக்குப் பார்த்த தாம்சன் அடிக்குறிப்பில் இருக்கிறார்.

இன்னொருவரும் நினைவுக்கு வருகிறார். 1947 மார்ச் 23 முதல் ஏப்ரல் 2 வரை தில்லியில் நடந்த ஆசிய உறவுகள் மாநாட்டை அரசு நடத்தவில்லை, உலக விவகாரங்களுக்கான இந்தியக் கவுன்சில் என்ற அறிஞர் அமைப்புதான் கூட்டியது. அதன் செயலாளர் ஏ. அப்பாதுரை. பன்மொழிப் புலவர் கா. அப்பாத்துரையார் அல்ல, இவர் வேறு. கி.பி. 1000 முதல் 1500 வரை தென்னிந்தியப் பொருளாதாரம் எப்படி இருந்தது என்று ஆராய்ந்தவர். அப்படிப்பட்டவரின் அமைப்புக்கு வந்த தலைவலி ஒரு வரைபடம். மாநாட்டு அரங்கில் வைத்திருந்த பெரிய ஆசிய வரைபடம் திபெத்தைத் தனியாகக் காட்டியது. திபெத்தியப் பிரதிநிதிகளும் வந்திருந்தார்கள். சீனப் பிரதிநிதிகள் எதிர்ப்புத் தெரிவித்ததும் வரைபடம் திருத்தப்பட்டது. பண்பாட்டு மாநாடு என்று சொல்லிக் கூட்டிய இடத்தில் ஒரு தூரிகை வெளியுறவுக் கொள்கையைத் தீட்டிவிட்டது.

இந்தத் துறையின் மாநாட்டுக்கு மட்டும் உள்ள வம்பு இது. இதய மருத்துவர்கள் கூடினால் பெயர் அட்டையில் எந்த நாட்டின் பெயரை அச்சிடுவது என்று அவ்வளவாகக் கவலைப்பட வேண்டியதில்லை. நாம் கூடும்போது, எல்லா நாடுகளும் அங்கீகரிக்காத இடங்கள் வந்தால் வம்புதான்: ‘தைவான்’ என்று போடுவதா, பாலஸ்தீனம், கொசோவோ பதிவுப் படிவத்தின் நாடுகள் பட்டியலில் உண்டா, யாருக்குப் பக்கத்தில் யாரை உட்காரவைப்பது என்பதெல்லாம் ஒரு முடிவுதான். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் போதும், நாடு வேண்டாம் என்று சில குழுக்கள் நழுவிவிடுகின்றன. நழுவுவதும் ஒரு கொள்கைதான், குறை சொல்லவில்லை. நானும் அதைத்தான் செய்தேன்.

வெளியே உலகம் திடீரென்று மாறினாலும் முதலில் மாட்டுவது இவர்கள்தான். 2017 ஜனவரி 27 அன்று ஏழு நாட்டவர் அமெரிக்காவுக்குள் வரத் தடை விதிக்கும் ஆணையில் டிரம்ப் கையெழுத்திட்டார். சர்வதேச ஆய்வுகள் சங்கத்தின் பால்டிமோர் மாநாட்டுக்கு அப்போது நான்கு வாரம்கூட இல்லை. வர முடியாதவர்கள் ஒருபக்கம், வர முடிந்தும் எதிர்ப்பாக வர மறுத்தவர்கள் மறுபக்கம். 2020 மார்ச்சில் ஹோனலுலுவில் நடக்கவேண்டியது கொரோனாவால் ரத்தே ஆனது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். சேருங்கள். ஒரு கட்டுரைக்கான நேரம் போகும், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் நூறு ஆய்வுச் சுருக்கங்களைப் படித்து இருபதை ஒதுக்க வேண்டி வரும்போது, எதை நல்ல கேள்வி என்று நினைக்கிறோம் என்பது நமக்கே பிடிபடும். எந்த வேலை என்று கேட்டால், அட்டவணையை வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும். நீங்கள் விசாவுக்கான அழைப்புக் கடிதங்களைக் கேட்டு வாங்குங்கள். அங்கேதான் யார் வருவார்கள் என்பது முடிவாகிறது.

நான் ஒரு மாநாட்டில் அந்த வேலையைச் செய்தேன். ஓர் ஆய்வாளர் தன் கட்டுரைகளில் சுருக்கிய பெயரைப் போடுபவர். கடிதத்திலும் நான் அதையே போட்டேன். கடவுச்சீட்டில் முழுப்பெயர். தூதரகம் திருப்பி அனுப்பியது. திருத்திய கடிதம் போய்ச் சேர்ந்தபோது எங்கள் மாநாட்டின் இரண்டாம் நாள். அவருடைய கட்டுரையை அமர்வுத் தலைவர் வாசித்தார், எல்லைகளைக் கடக்கும் கல்வி பற்றியது. பெயர் அட்டையை நான்தான் மேசையிலிருந்து எடுத்தேன். அதில் சுருக்கிய பெயரே இருந்தது.

அன்புடன்.