சிரிப்புப் பெட்டி: வாசகர் கேள்வி – பதில்

'ஃப்ரெண்ட்ஸ்' என்ற அமெரிக்க டி.வி. காமெடித் தொடரில் கேட்கும் சிரிப்பு நிஜமா, டேப்பா? (வாசகர், மதுரை)

பெரும்பாலும் நிஜம். பர்பாங்க் நகரில் வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோவில், செட்டுக்கு எதிரே கேலரியில் ஆட்களை உட்காரவைத்துத்தான் எடுத்தார்கள். ஜோக் விழவில்லையா? எழுத்தாளர்கள் அங்கேயே கூடிப் பேசி, வசனத்தை மாற்றி மறுபடி எடுப்பார்கள். ஆனால் ஒரே காட்சியை நாலாவது தடவை பார்ப்பவர் முதல் தடவை மாதிரி சிரிக்கமாட்டார். அதனால் எடிட்டிங்கில் சிரிப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் உண்டு.

முழு டப்பாச் சிரிப்பு வேறு ஜாதி. 1950களில் சார்லி டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர், பதிவு செய்த சிரிப்புகளை ஒரு பெட்டிக்குள் அடைத்தார். எந்த மாதிரி சிரிப்பு வேண்டும் என்பதற்குக் கட்டைகள்; எவ்வளவு நேரம் என்பதற்குக் கால் மிதி. ஹார்மோனியம் மாதிரி வாசிக்கலாம். ராணுவ மருத்துவமனையில் நடக்கும் 'மாஷ்' (1972–83) தொடருக்கு இது வேண்டவே வேண்டாம் என்று தயாரிப்பாளர்கள் மல்லுக்கட்டியும் சி.பி.எஸ். சேனல் விடவில்லை. ஆபரேஷன் தியேட்டர் காட்சிகளில் மட்டும் சிரிப்பு வராது என்று சமரசமானது. பிரிட்டனில் பி.பி.சி. அதைச் சிரிப்பில்லாமலே காட்டியது.

சிரிப்பை நீக்கிய 'ஃப்ரெண்ட்ஸ்' வீடியோவைக் காட்டி, "பார், ஜோக்கே இல்லை" என்பவர்களை நம்பாதீர்கள். அரங்கம் அடங்கட்டும் என்று நடிகர் வசனத்தைப் பிடித்து வைத்திருக்கிறார். சிரிப்பை உருவினால் அந்த இடம் வெறும் ஓட்டையாக நிற்கிறது. தவிலை நிறுத்திவிட்டு நாயனம் தடுமாறுகிறது என்பதுபோல!

பிரிட்டிஷ் ஹோட்டல் காமெடி 'ஃபால்டி டவர்ஸ்' வெறும் 12 எபிசோடு. அதற்கா இத்தனை கொண்டாட்டம்? (வாசகி, திருச்சி)

1975-ல் ஆறு, 1979-ல் ஆறு. ஜான் கிளீஸும் கானி பூத்தும் எழுதியவை. பெருமையெல்லாம் கதையைக் கட்டிய கொத்தனார் வேலையில். முதல் சீசனில் 'குர்மே நைட்' எபிசோடைப் பாருங்கள். ஆரம்பத்திலேயே ஹோட்டல்காரர் பேசில், மெக்கானிக் செலவை மிச்சம் பிடிக்கக் காரின் பானெட்டைத் திறந்து தானே நோண்டுகிறார். அதோடு காரை மறந்துவிடுகிறோம். பிறகு பெரிய மனிதர்களுக்கு விருந்து. சமையல்காரர் குடித்துக் கவிழ்ந்துவிட, நண்பரின் ரெஸ்டாரண்டிலிருந்து வாத்து வரவேண்டும். முதல் வாத்து அடுக்களைத் தரையில் விழுந்து மிதிபடுகிறது. இரண்டாவதை எடுத்துவரப் போய்த் திரும்பும்போது நடுரோட்டில் கார் நின்றுவிடுகிறது.

இங்கே கேமராவைக் கவனியுங்கள். பேசில் காரைத் திட்டுகிறார், மூன்று எண்ணுகிறார், கேட்கவில்லை என்றதும் ஓடி மறைகிறார். திரையில் சிவப்பு ஆஸ்டின் மட்டும் சும்மா நிற்கிறது. ஒரு மரக்கிளையோடு திரும்பி வந்து காரை விளாசுகிறார். கேமரா பின்னாலேயே போய்க் கிளை ஒடிப்பதைக் காட்டியிருந்தால் பாதிச் சிரிப்பு செத்திருக்கும். அந்த வெற்று விநாடிகளில் "என்ன கொண்டுவரப் போறான்?" என்று நம்மையே கற்பனை செய்ய விடுகிறார்கள். அடிவாங்குவது கார், வினை விதைத்தது அவர் கஞ்சத்தனம்.

அமெரிக்க காமெடி 'சைன்ஃபெல்ட்' முதல் எபிசோடிலேயே தூக்கம் வந்துவிட்டது. விட்டுவிடலாமா? (வாசகர், கோவை)

முதல் சீசனை விடுங்கள், தொடரை விடாதீர்கள். 1989-ல் வந்த அந்த முதல் எபிசோடில், பின்னால் முக்கியப் பெண் பாத்திரமான எலேனே கிடையாது. 'சைனீஸ் ரெஸ்டாரண்ட்' (1991) பாருங்கள்: மூன்று பேர் டேபிளுக்காகக் காத்திருக்கிறார்கள், கதை அவ்வளவுதான். பிடித்தால் நாலாவது சீசன். அதன்பின் 'மெரைன் பயாலஜிஸ்ட்' (1994). கிரேமர் கடற்கரையில் கோல்ஃப் பந்து அடிக்கிறார். ஒரு பெண்ணிடம் கடலுயிர் விஞ்ஞானி என்று பொய் வேடம் போடும் ஜார்ஜ், கரையொதுங்கிய திமிங்கலத்திடம் மாட்டுகிறார். இரண்டு கதைக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்துக்கொண்டே இருப்பீர்கள், ஜார்ஜ் கையை நீட்டிப் பந்தைக் காட்டும்வரை. இங்கே யாரும் உருகிக் கட்டிப்பிடிக்கக் கூடாது, பாடம் கற்றுத் திருந்தவும் கூடாது என்பது தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான லாரி டேவிட் வகுத்த விதி. 'ஃப்ரெண்ட்ஸ்' ரசிகர்களுக்கு ஒட்டாமல் போவதும் அதனால்தான்.

'ஜம்ப் தி ஷார்க்' என்றால்? (வாசகர், சேலம்)

சரக்கு தீர்ந்துபோன தொடர் வித்தை காட்டத் தொடங்கும் கட்டம். 1977-ல் 'ஹேப்பி டேஸ்' நாயகன் ஃபான்ஸி, தோல் ஜாக்கெட்டோடு நீர்ச்சறுக்கில் சுறாவைத் தாண்டினார். வேடிக்கை என்னவென்றால், தொடர் 1984 வரை ஓடியது.

அமெரிக்க காமெடியில் தமிழ்க் குடும்பம் உண்டா? (வாசகி, சென்னை)

'நெவர் ஹேவ் ஐ எவர்' (2020–23), மொத்தம் 40 எபிசோடு. நாயகி தேவியாக நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் கனடாவில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பெண். முன்கோபக்காரப் பெண்ணின் மனக்குரலுக்கு, கோர்ட்டில் நடுவரோடு சண்டை பிடித்தே பேர்வாங்கிய டென்னிஸ் வீரர் ஜான் மெக்கன்ரோவைப் பேசவைத்தது அபாரம்.

'ஃப்ரெண்ட்ஸ்' தொடரில் காதலி ரேச்சலைப் பிரிந்த அன்றே ராஸ் வேறொருத்தியோடு போனாரே, ராஸும் ரேச்சலும் அப்போது 'பிரேக்'கில் (காதலுக்கு இடைவேளை) இருந்தார்களா, இல்லையா? (வாசகர், நெல்லை)

இருந்தார்கள். அதைச் சொல்லிச் சொல்லியே ராஸ் ஏழு சீசன் தோற்றார்.