பழைய படத்துக்குச் சிறப்புக் காட்சி: தேதியை எப்போது அறிவிப்பது?

கேள்வி: நாங்கள் இருபது பேர் கொண்ட திரைப்பட ரசிகர் குழு. எங்கள் பகுதித் திரையரங்கின் உரிமையாளர், அடுத்த மாதம் ஒரு வார நாளின் மாலைக் காட்சியை எங்களுக்கு ஒதுக்கித் தரச் சம்மதித்திருக்கிறார். எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் வெளியான ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைத் திரையிட விரும்புகிறோம். அதன் புளூ-ரே வட்டு எங்களிடம் இருக்கிறது. ‘வரவிருக்கும் படங்கள்’ பட்டியலில் சேர்ப்பதற்காக அவர் படத்தின் பெயரையும் தேதியையும் கேட்கிறார். வட்டு போதுமா? வேறு என்ன செய்ய வேண்டும்?

பதில்: அந்த மாலையை உங்களுக்காக ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள், படத்தின் பெயரை மட்டும் இப்போதே பட்டியலில் போட வேண்டாம். ஒரு பழைய படம் திரைக்கு வர மூன்று பொருள்கள் தனித்தனியாகக் கைக்கு வந்து சேர வேண்டும்: திரையிடும் உரிமை, திரையரங்கின் கருவியில் ஓடக்கூடிய பிரதி, அந்தப் பிரதியைத் திறக்கும் சாவி. இவற்றில் ஒன்று கிடைத்தவுடனே மற்றவையும் கிடைத்துவிட்டதாக எண்ணிக்கொண்டு அறிவிப்பு வெளியிட்டுவிட்டு, கடைசி நாளில் பார்வையாளர்களைத் திருப்பி அனுப்பிய குழுக்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

உரிமையிலிருந்து தொடங்குவோம். கடையில் வாங்கிய வட்டு வீட்டில் பார்ப்பதற்கான அனுமதியை மட்டுமே தருகிறது. திரையரங்கில் பலர் கூடிப் பார்ப்பது பொதுக் காட்சி, நுழைவுக் கட்டணம் இல்லை என்பதால் மட்டும் அதற்கு அனுமதி தேவைப்படாமல் போய்விடாது. வட்டின் உறையில் பெயர் அச்சிட்டிருக்கும் நிறுவனத்திடமே கேட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் திரையரங்கு, தொலைக்காட்சி, இணையம், வட்டு ஆகியவற்றுக்கான உரிமைகள் தனித்தனியே விற்கப்படுவதால், அந்த நிறுவனத்திடம் நீங்கள் கேட்கும் உரிமை இல்லாமலே இருக்கலாம். பழைய படங்களின் உரிமை தயாரிப்பாளரின் வாரிசுகளிடமோ, பிற்காலத்தில் மொத்தமாக வாங்கிய வேறொரு நிறுவனத்திடமோ இருப்பது வழக்கம். திரைப்பட ஆவணக் காப்பகங்கள் இந்தத் தேடலில் பெரிதும் உதவும். எனினும் காப்பகத்தில் பிரதி இருக்கிறது என்பது வேறு, அதைத் திரையிட அனுமதி இருக்கிறது என்பது வேறு. பிரதியைத் தருவதற்கு முன் பட உரிமையாளரின் கடிதத்தைத்தான் அவர்கள் முதலில் கேட்பார்கள். அந்தக் கடிதத்தில் திரையரங்கின் பெயர், தேதி, காட்சிகளின் எண்ணிக்கை, கட்டணம் மொத்தத் தொகையா வசூலில் பங்கா என்பது, எந்த வடிவப் பிரதி என்பது ஆகிய அனைத்தும் எழுத்தில் இருக்க வேண்டும். தணிக்கைச் சான்று தொடர்பான விதி நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் அதைத் திரையரங்கு உரிமையாளரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது பிரதி. இன்றைய திரையரங்குகள் டிசிபி எனப்படும் கோப்புத் தொகுப்பைத்தான் ஓட்டுகின்றன. இதற்கான பொது வரையறை 2005-ல் வெளியானது. படத்தின் ஒவ்வொரு பிரேமும் தனித்தனியே ஜேபெக் 2000 முறையில் சுருக்கப்பட்டு, ஒலி சுருக்கப்படாமல் இருக்கும். நொடிக்கு 24 பிரேம் ஓடும் வழக்கமான படத்துக்கு நொடிக்கு 250 மெகாபிட் வரை அனுமதி உண்டு என்பதால், இரண்டு மணி நேரப் படம் அந்த உச்ச அளவில் 225 ஜிபி பிடிக்கும். உங்கள் வட்டில் இருப்பது அதைவிட மிகக் குறைந்த தரவு. வீட்டுத் திரையில் கண்ணுக்குத் தெரியாத குறைகள், குறிப்பாகக் கறுப்பு வெள்ளைப் படத்தில் இருண்ட பகுதிகளில் தெரியும் பட்டை பட்டையான கறைகள், பெரிய திரையில் தெரிந்துவிடும். வட்டைத் தவிர வேறு பிரதியே கிடையாது என்று பட உரிமையாளர் எழுத்தில் சொன்னால், பிளேயரைப் புரொஜெக்டருடன் இணைத்துக் காட்டுவதில் தவறில்லை. அதை அறிவிப்பிலும் நேர்மையாகக் குறிப்பிடுங்கள். டிவிடி மட்டுமே இருந்தால் அது எந்த முறையில் தயாரானது என்று பாருங்கள்: பால் (PAL) எனப்படும் தொலைக்காட்சி முறையில் தயாரான வட்டுகளில் 24 பிரேம் படம் பொதுவாக 25 பிரேமாக ஓடுவதால், 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும், பாடல்களின் சுருதியும் ஏறியிருக்கக்கூடும்.

உங்கள் திரையரங்கில் 35 மி.மீ. புரொஜெக்டர் இன்னும் வேலை செய்யும் நிலையில் இருந்தால் அது பெரிய பேறு. 2,000 அடி ரீல் ஒன்று ஏறக்குறைய 22 நிமிடம் ஓடும். பிரதியை ஒட்டி ஒரே சுருளாக்குவதற்குப் பெரும்பாலான காப்பகங்கள் சம்மதிப்பதில்லை. ஆகவே இரண்டு புரொஜெக்டர்களும், திரையின் வலது மேல் மூலையில் ஒரு கணம் தோன்றும் புள்ளியைக் கவனித்து ரீல் மாற்றத் தெரிந்த ஆப்பரேட்டரும் தேவை.

டிசிபி வந்துவிட்டது என்றாலும் வேலை முடியவில்லை. மறையாக்கம் செய்யப்பட்ட தொகுப்பானால் அதைத் திறக்கக் கேடிஎம் என்ற சாவிக் கோப்பு வேண்டும். அது குறிப்பிட்ட ஒரு திரையில் படத்தை ஓட்டும் கணினியான சர்வருக்கென்றே, குறிப்பிட்ட நேர வரம்புக்கென்றே தயாரிக்கப்படுகிறது. ஒருமுறை நான் உதவிய காட்சியில், மக்கள் இருக்கைகளில் அமர்ந்த பிறகுதான் பிழை தெரிந்தது: வேறொரு நேர மண்டலத்தை மனதில் கொண்டு சாவியைத் தயாரித்திருந்ததால், அது திறக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. ஆப்பரேட்டர் அறையில் சர்வரின் திரையில் பூட்டுச் சின்னத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த மாலையை நான் மறக்கவில்லை. ஆகவே சர்வரின் சான்றிதழ் கோப்பைத் திரையரங்கிலிருந்து முன்கூட்டியே வாங்கி அனுப்புங்கள். சோதனைக் காட்சிக்கான நாளும் அடங்கும்படி நேர வரம்பைக் கேளுங்கள். காட்சியை ஒரு திரையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினால் புதுச் சாவி வேண்டும் என்பதைத் திரையரங்கு உரிமையாளருக்கு நினைவூட்டுங்கள். சப்டைட்டிலுக்கான கூடுதல் தொகுப்பு தனியாக வந்தால், மூலத் தொகுப்பும் சர்வரில் ஏறியிருந்தால்தான் அது ஓடும்.

சோதனைக் காட்சியில் இரண்டை உன்னிப்பாகப் பாருங்கள். முதலாவது சட்டகம். 1953-க்கு முந்தைய ஒலிப் படங்கள் பெரும்பாலும் 1.37:1 என்ற அகல உயர விகிதத்தில் எடுக்கப்பட்டவை, அவற்றை 1.85 திரையை அடைக்கும்படி பெரிதாக்கினால், மேலும் கீழுமாகப் படத்தின் கால்வாசி போய்விடும். நெருக்கக் காட்சிகளில் நெற்றி வெட்டுப்படுகிறதா, நடனக் காட்சிகளில் பாதம் தெரிகிறதா என்று பார்த்தாலே புரிந்துவிடும். இருபுறமும் கறுப்பு இடம் விட்டு முழுச் சட்டகமும் தெரிவதே சரி. இரண்டாவது ஒலி. மோனோ எனப்படும் ஒற்றைத் தட ஒலி திரைக்குப் பின்னால் உள்ள நடு ஸ்பீக்கரிலிருந்து வர வேண்டும். இடம் வலம் இரண்டிலிருந்தும் வந்தால், ஓர இருக்கையில் இருப்பவருக்கு வசனம் நடிகரின் வாயிலிருந்து வருவதாகத் தோன்றாது.

பிரதி குறைந்தது ஒரு வாரம் முன்னால் வந்து, சாவி திறந்து, சில நிமிடங்களாவது திரையில் ஓடிய பிறகு பட்டியலில் பெயரைச் சேருங்கள். அறிவிப்பு வெளியாகும் அன்றே முன்பதிவையும் திறந்துவிட்டால், விளம்பரத்துக்கு ஒரு வாரம் தாராளமாகப் போதும். ‘4கே’ என்று போடுவதற்கு முன், பிரதியும் புரொஜெக்டரும் இரண்டுமே 4கே-தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காட்சி முடிந்ததும் கோப்பைச் சர்வரிலிருந்து நீக்கச் சொல்லி, ஹார்ட் டிஸ்க்கையும் வசூல் கணக்கையும் அதே வாரத்தில் பட உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள்.