'நிர்வாகம் பொறுப்பல்ல' என்று போர்டு மாட்டினால் பொறுப்பு போய்விடுமா?

கேள்வி: காரைக்குடியில் ஒரு விடுதியில் அறையைக் காலி செய்துவிட்டு, பையை ரிசப்ஷனில் கொடுத்துவிட்டு ஊர் சுற்றப் போனோம். வந்து பார்த்தால் பை இல்லை. 'உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற போர்டைக் காட்டுகிறார்கள். நஷ்டஈடு கேட்க முடியுமா?

தாராளமாகக் கேளுங்கள். இதே போர்டை மாட்டி வைத்திருந்தவன் சொல்கிறேன்.

கானாடுகாத்தான் பக்கம் எங்கள் பழைய வீட்டில் ஆறு அறைகளைத் தங்குவதற்கு விடுகிறோம். சென்னையிலிருந்து வந்த ஒரு தம்பதி, கிளம்பும் நாளில் கேமரா பையை வாட்ச்மேனிடம் கொடுத்து, "அண்ணே, ஆத்தங்குடில தரைக்கல்லு செய்யுறதைப் பாத்துட்டு வந்துடுறோம்" என்று போனார்கள். அவர் அதை முகப்புத் திண்ணையில் தூணோரமாக வைத்தார். தண்ணி லாரி வந்தது, பின்கட்டுக்குப் போனார். கால் மணி நேரம்தான், பையைக் காணோம். வளவை (உள்முற்றத்தை) சுற்றி ஒவ்வோர் அறைக்கும் சாண் நீளச் சாவி தொங்கும் வீடு அது. பை மட்டும் திண்ணையில்!

அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை இப்படித்தான் கூப்பிடுவோம்) போர்டைக் காட்டினார். அந்தப் பெண் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பையை உங்க ஆளுதானே கையில வாங்குனாரு?" அப்பச்சியிடம் பதில் இல்லை. தெரிந்த வக்கீலிடம் போன் போட்டால் அவரும் அதையேதான் கேட்டார். வாங்கியது உண்மை என்றால் போர்டைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்றார்.

1872 ஒப்பந்தச் சட்டத்தில் 148-ஆம் பிரிவிலிருந்து வரும் விஷயம் இது. ஒருவர் பொருளைத் திருப்பித் தருவதாக வாங்கி வைத்தால், சராசரி விவேகமுள்ள ஆள் தன் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 151. அவ்வளவு கவனமாக இருந்தும் தொலைந்தால் பொறுப்பில்லை, அது 152. திண்ணையில் வைத்துவிட்டுப் போனதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

டெல்லி தாஜ்மகால் ஹோட்டல் வழக்கு இதில் முக்கியம். 1998-இல் அங்கே வாலே பார்க்கிங்கில், அதாவது சாவியை ஹோட்டல் ஆளிடம் கொடுத்து நிறுத்தச் சொல்லி, விட்ட மாருதி ஜென் கார் திருடு போனது. டோக்கனில் 'உரிமையாளர் பொறுப்பில்' என்று அச்சடித்திருந்தார்கள். 2019-இல் உச்ச நீதிமன்றம், தன் கவனக்குறைவுக்கு ஹோட்டல் அந்த வரியின் பின்னால் ஒளிய முடியாது என்றது. ஒப்படைத்ததை நாம் காட்டிவிட்டால் போதும்; ஒழுங்காகப் பார்த்துக்கொண்டோம் என்று காட்டுவது அவர்கள் பாடு. (21 வருஷம். கார் இருந்திருந்தாலும் பேரீச்சம்பழத்துக்குத்தான் போயிருக்கும்.)

சாவியை நீங்களே வைத்துக்கொண்டு வாசலில் நிறுத்திய வண்டி, கல்யாண வீட்டில் ஆணியில் மாட்டிய சட்டை, இதெல்லாம் வேறு கதை. யாரும் கையில் வாங்கவில்லையே. நீங்கள் பூட்டிவிட்டுப் போன அறைக்குள்ளிருந்து காணாமல் போயிருந்தால், பூட்டு சரியில்லை, மாற்றுச் சாவி கண்டவர் கையில் இருந்தது என்பது போல அவர்கள் தரப்புக் குறையைக் காட்ட வேண்டும். பைக்குள் நகை இருப்பதைச் சொல்லாமல் கொடுத்திருந்தால் அதை நிரூபிப்பதும் கஷ்டம்.

உங்கள் விஷயத்தில் முதலில் போலீஸில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி இன்றே விடுதிக்கு எழுதுங்கள். பழைய பதிவு தானாக அழிந்துகொண்டே போகும். அறை பில், பைக்குள் இருந்த பொருட்களின் பில், டோக்கன் கொடுத்திருந்தால் அது, எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். மசியவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். காரைக்குடி இருக்கும் மாவட்டம் என்று சிவகங்கைக்கு அலைய வேண்டியதில்லை, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். 2 வருஷத்துக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. நீங்கள் கொடுத்த வாடகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை.

நாங்கள் கேமராவின் பழைய பில்லைப் பார்த்து, தேய்மானம் கழித்து 38,000 கொடுத்தோம். அப்பச்சி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இப்போது பை வாங்கினால் டோக்கன் உண்டு, பை இரண்டாம் கட்டில் பூட்டிய அறைக்குள் போகும். போர்டு மட்டும் அப்படியே தொங்குகிறது, அவர் கழற்ற விடவில்லை.