பொத்தானை அழுத்திய மெக்கானிக்

கேள்வி: மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்திருக்கிறேன். ஃபார்முலா 1 பைத்தியம். சாதாரண மெக்கானிக்காக உள்ளே நுழைந்து, அந்த உலகில் பெரிய பதவிக்குப் போனவர் யாராவது உண்டா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: சார்லி வைட்டிங். டிவியில் ஐந்து சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து, மொத்தமாக அணைந்ததும் கார்கள் சீறுமே, அந்த விளக்குக்கான பொத்தான் இருபது வருஷத்துக்கு மேல் இவர் கையில்தான் இருந்தது.

1952-இல் பிறந்த ஆங்கிலேயர். சகோதரரின் ரேஸ் கார்களுக்கு ஸ்பேனர் பிடித்துத் தொழில் பழகி, 1977-இல் ஹெஸ்கெத் டீமில் சேர்ந்தார். அடுத்து பெர்னி எக்கிள்ஸ்டோனின் பிராபம் டீம். அங்கே நெல்சன் பிக்கே 1981-லும் 1983-லும் உலக சாம்பியன் ஆனபோது தலைமை மெக்கானிக் இவர்தான்.

அந்த டீம் லேசுப்பட்டதல்ல. 1982-இல் ‘பிரேக்கைக் குளிர்விக்க’ என்று காரில் ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள். ரேஸ் தொடங்கியதும் தண்ணீரைப் பீய்ச்சிக் காலி செய்துவிட்டு, அனுமதித்த எடைக்கும் குறைவாகக் கார் பறக்கும். முடிந்ததும், எடை பார்ப்பதற்குள் தொட்டியை ரொப்பிவிடுவார்கள். திரவங்களை நிரப்பிக்கொள்ள விதியிலேயே இடமிருந்தது! பிரேசிலில் பிக்கே ஜெயித்தார். பிறகு அந்த வெற்றியைப் பறித்து அலன் பிராஸ்ட்டிடம் கொடுத்தார்கள்.

இப்படிப்பட்ட டீமின் ஆளைத்தான் 1988-இல், கார்களைச் சோதிக்கும் வேலைக்கு உலக மோட்டார் பந்தயங்களை நடத்தும் அமைப்பான எஃப்ஐஏ கூட்டிக்கொண்டது. திருடன் கையில் சாவியா என்கிறீர்களா? என்னைக் கேட்டால், அதைவிடப் பொருத்தமான நியமனம் கிடையாது. எந்த இடுக்கில் என்ன ஒளிந்திருக்கும் என்று புத்தகம் படித்தவரைவிட மெக்கானிக்குத்தான் தெரியும்.

1997-இல் ரேஸ் டைரக்டர். ரேஸுக்கு முன்பே போய் டிராக்கை நடந்து பார்ப்பது, ஓட்டுநர்களைக் கூட்டி வைத்து அவர்களின் புகார்களைக் கேட்பது, ஞாயிறன்று விபத்து நடந்தால், வேகத்தைக் குறைக்க முன்னால் ஓடும் சேஃப்டி காரை அனுப்புவதா, சிவப்புக் கொடி காட்டி ரேஸையே நிறுத்துவதா என்று நொடியில் முடிவெடுப்பது எல்லாம் இவர் தலையில். 2011-இல் நொய்டா பக்கம் புத் சர்க்யூட்டில் முதல் பயிற்சியின்போதே ஒரு தெருநாய் டிராக்கில் ஓட, கார்களை நிறுத்த வேண்டியதாயிற்று. நம் ஊர் முத்திரை!

திட்டும் வாங்கினார். 2016 மெக்சிகோவில் ஓட்டுநர் செபாஸ்டியன் வெட்டல் ரேடியோவிலேயே அவரைக் கெட்ட வார்த்தையில் ஏசினார். ரேஸ் முடிந்ததும் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டார். ஓட்டுநர் தலைக்கு மேல் வளைந்து நிற்கும் பாதுகாப்புச் சட்டமான ஹேலோவை 2018-இல் கட்டாயமாக்கியபோதும், பார்க்க அசிங்கம் என்று ஊரே முகம் சுளித்தது. வைட்டிங் விட்டுக்கொடுக்கவில்லை. அதே வருஷம் பெல்ஜியத்தில் அலோன்சோவின் கார் லெக்லெர்க்கின் தலைக்கு மேலே பாய்ந்தது. டயர் தேய்ந்த தடம் ஹேலோவில்தான் விழுந்தது.

2019 மார்ச் 14 அன்று, சீசனின் முதல் ரேஸுக்காகப் போயிருந்த மெல்போர்னில் இறந்தார், 66 வயதில். முந்தின நாள்கூட டிராக்கில் நடந்திருக்கிறார். கொஞ்ச தூரம் உடன் நடந்தவர் அதே வெட்டல்.

சரி, உங்கள் விஷயம். ஓசூரிலிருந்து சென்னைப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் சில மணி நேரப் பயணம்தான். ரேஸ் நாட்களில் கேலரியில் உட்கார்ந்து விசிலடிக்காமல், கார்களைச் சோதிக்கும் கொட்டகைப் பக்கம் போங்கள். டிராக்கில் கொடி காட்டி உதவும் மார்ஷலாகச் சேர என்ன செய்ய வேண்டும் என்று மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பில் கேளுங்கள். சம்பளத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.